மூன்று அம்பும் ஒரு பகடையும்: விளையாட்டு விதிக்குப் பொருள்கொள்வதில் எழும் அறச்சிக்கல்

விதி ஒன்றுக்குச் சரியாகப் பொருள்கொண்டு, அப்பொருளின்படியே நடந்த ஒருவர், அந்நடத்தையால் மற்றொருவருக்குத் தீங்கிழைத்தவர் ஆவாரா என்பது இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா. வினா பழையது. அறநூலாரும் சட்டநூலாரும் உரையாசிரியர்களும் தத்தம் துறையில் நின்று இதற்கு விடை தேடியுள்ளனர். ஈண்டு அவ்வினா மிகச் சிறியதொரு களத்தில் வைத்து ஆராயப்படுகிறது. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் அமெரிக்கக் கற்பனை ஆட்டமும், அதில் மந்திரங்கள் விளைக்கும் சேதத்தைக் கணக்கிடும் விதிகளுமே அக்களம். தமிழாய்விதழில் இப்பொருள் இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நூற்பாவில் வரும் ஓர் உம்மைக்காகப் பத்துப் பக்கம் வாதிடும் மரபில் வந்த நமக்கு, அதே வாதம் வேறொரு மேசையில் அதே சூட்டுடன் நிகழ்வதைக் காண்பது அந்நியமாக இராது என்பது இக்கட்டுரையாளனின் துணிபு.

ஆட்டமும் அதன் நூலும்

இவ்வாட்டம் 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் ஆக்கியது. முதற்பதிப்பு 1000 படிகள். ஒரு பெட்டியுள் மூன்று சிறு நூல்கள். ஆடுநர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று, அம்மாந்தர் செய்வதைச் சொல்கின்றனர். நடுவராக அமர்பவர் உலகத்தையும் பகைவரையும் இயற்கையையும் ஏற்றுப் பேசுகிறார். ஐயமுள்ள இடத்தில் பகடை உருட்டப்படுகிறது. வெற்றிதோல்வி என ஆட்டத்துக்கு ஒரு முடிவில்லை, கதை நீள்கிறது. ஒரே மாந்தரை ஓராண்டு, ஈராண்டு தொடர்ந்து ஏற்று ஆடுவோர் பலர். ஆதலின் மாந்தர் இறப்பது சதுரங்கத்தில் காய் வெட்டுப்படுவது போன்றதன்று.

மாந்தரின் உயிர் எண்ணால் குறிக்கப்படும். அவ்வெண்ணை உயிர்ப்புள்ளி என்போம். அடியும் மந்திரமும் அதனைக் குறைக்கும். குறைக்கும் அளவே சேதம். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின்படி, உயிர்ப்புள்ளி சுழியமானால் மாந்தர் உடனே இறப்பதில்லை. நினைவிழந்து வீழ்வார். தம் முறை வரும்போதெல்லாம் இருபதுமுகப் பகடையை உருட்டுவார். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு வெற்றி; குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி கூடினால் நிலைபெறுவார். மூன்று தோல்வி கூடினால் இறப்பார். வீழ்ந்து கிடக்கையில் மீண்டும் சேதம் நேர்ந்தால், அதுவே ஒரு தோல்வியாக எண்ணப்படும். இவ்விதியே பின்வரும் வழக்கின் கரு.

நாம் கருதும் மந்திரம் 'மேஜிக் மிசைல்' எனப்படுவது. மாய அம்பு எனலாம். 1974இன் மூன்று நூல்களில் இது இல்லை. 1975இல் வந்த 'கிரேஹாக்' என்னும் துணைநூலில்தான் முதலில் இடம்பெற்றது. அம்பு தானே சென்று தைக்குமா, குறி தப்பாமைக்குப் பகடை உருட்ட வேண்டுமா என்பது அன்று எழுந்த ஐயம். 1977இன் தொடக்கநிலைப் பதிப்பு உருட்ட வேண்டும் என்றது. 1978இன் விரிவுப் பதிப்பு தவறாது தைக்கும் என்றது. ஓராண்டு இடைவெளியில் இரு முரண்பட்ட விதிகள், ஒரே நிறுவனத்தின் முத்திரையுடன். பிற்காலத்தில் தப்பாமையே நிலைபெற்றது. அவ்வையம் தீர்ந்த இடத்தில் வேறொன்று முளைத்தது.

ஒருமையும் பன்மையும்

2014ஆம் ஆண்டு விதியின் சாரம் இது: மந்திரவாதி மூன்று அம்புகளைத் தோற்றுவிக்கிறார், ஓர் அம்பு, நான்முகப் பகடையில் விழும் எண்ணோடு ஒன்று கூட்டிய அளவு சேதம் தரும், அம்புகள் அனைத்தும் ஒரே கணத்தில் தைக்கும், ஒருவர் மீதோ பலர் மீதோ அவற்றை ஏவலாம். இப்போது வினா: பகடையை மூன்று முறை உருட்டுவதா, ஒரு முறை உருட்டி அவ்வெண்ணையே மூன்று அம்புக்கும் கொள்வதா?

விதிநூலில் வேறோர் இடத்தில், ஒரு மந்திரம் ஒரே வேளையில் ஒன்றுக்கு மேற்பட்ட இலக்குகளுக்குச் சேதம் தருமாயின் ஒருமுறை மட்டும் உருட்ட வேண்டும் என்று பொதுவிதி உள்ளது. தீக்கோளம் எனத்தக்க 'ஃபயர்பால்' அவ்வகையது. எட்டு அறுமுகப் பகடைகளை ஒருமுறை உருட்டி, வட்டத்துள் அகப்பட்டோர் அனைவருக்கும் அதே எண்ணைக் கொள்வர். மாய அம்பு பலரைத் தைக்கையில் இப்பொதுவிதி பொருந்தும் என்பது தெளிவு. மூன்றும் ஒருவரையே தைக்கும்போது 'ஒன்றுக்கு மேற்பட்ட இலக்குகள்' இல்லையே என்பது ஒரு சாரார் வாதம். ஏவும் முறையைப் பொறுத்து மந்திரத்தின் இயல்பு மாறாது என்பது மறுசாரார் வாதம். விதிகளின் முதன்மை வடிவமைப்பாளர்களுள் ஒருவரான ஜெரமி கிராஃபோர்ட் ஒரே உருட்டல் என்னும் பக்கமே விளக்கம் தந்தார்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதை எண்கள் காட்டும். 12 உயிர்ப்புள்ளி கொண்ட ஒருவர்மீது மூன்று அம்பும் ஏவப்படுவதாகக் கொள்வோம். ஒரே உருட்டல் எனில் மொத்தச் சேதம் 6, 9, 12, 15 ஆகிய நான்கனுள் ஒன்று. வீழ்வதற்கான வாய்ப்பு சரிபாதி. மும்முறை உருட்டல் எனில் 64 வகைகளுள் 20 மட்டுமே அவரை வீழ்த்தும். நூற்றுக்கு 31க்குச் சற்று மேல். அவருக்கு 15 உயிர்ப்புள்ளி இருப்பின் வாய்ப்பு முன்னதில் நான்கில் ஒன்று, பின்னதில் அறுபத்து நான்கில் ஒன்று. சராசரி இரண்டிலும் 10.5 தான். சராசரி ஒன்றாக இருந்தும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு இத்துணை வேறுபடுவதைப் பலர் கவனிப்பதில்லை.

இதனினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. அழிப்பு மந்திரங்களில் தேர்ந்த மந்திரவாதி பத்தாம் படிநிலையில், தாம் ஏவும் அவ்வகை மந்திரத்தின் ஒரு சேத உருட்டலோடு தம் அறிவாற்றல் எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். அவ்வெண் 5 என்க. மூன்று உருட்டல் உண்டெனில் ஒன்றோடுதான் கூட்டலாம், சராசரி 15.5 ஆகும். உருட்டல் ஒன்றே எனில், கூட்டிய எண் மூன்று அம்புக்கும் செல்லும்; சராசரி 25.5 ஆகும். முதற்படி மந்திரம் ஒன்று, தனியொருவர் அளவில், மூன்றாம்படி மந்திரமாகிய தீக்கோளத்தின் சராசரியான 28ஐ நெருங்கிவிடுகிறது.

சிக்கலின் வேர் ஆங்கிலத் தொடரின் தொடக்கத்தில் நிற்கும் ஒருமைச் சுட்டில் உள்ளது. ஓர் அம்பு இவ்வளவு சேதம் தரும் என்னும்போது அவ்வொருமை எண்ணைக் குறித்ததா, இனத்தைக் குறித்ததா? இத்தொடரைத் தமிழாக்க முயல்வோர்க்கு உடனே கை தயங்கும். தமிழில் அஃறிணை இயற்பெயர் தன்னளவில் பால் காட்டாது. வினைமுடிபே ஒருமை பன்மையைத் தெரிவிக்கும் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறுவதும், இதனையே நன்னூலார் பால்பகா அஃறிணைப்பெயர் எனக் குறியிட்டு வழங்கியதும் நாம் அறிந்தவை. 'அம்பு தைக்கும்' என வாளா மொழிபெயர்த்தால் ஐயம் அவ்வாறே நிற்கும். 'ஒவ்வோர் அம்பும் தனித்தனியே' என்றால் மூலம் சொல்லாததைச் சொன்னதாகும். மொழிபெயர்ப்பாளர் உரையாசிரியராகாமல் தப்ப முடியாத இடங்களுள் இஃது ஒன்று.

வடமொழி மீமாம்சையில் இதே வினா வேள்விக்களத்தில் எழுந்தது. சோமவேள்வியில் கிண்ணத்தைத் துடைக்க வேண்டும் என்னும் விதி ஒருமையில் உள்ளது, கிண்ணங்களோ பல. ஒன்றை மட்டும் துடைத்தால் போதுமா? போதாது, ஒருமை ஈண்டுக் கருதப்பட்டதன்று, கிண்ணங்கள் அனைத்தையும் துடைக்க வேண்டும் என்பது சைமினி நூலில் எட்டப்பட்ட முடிபு. கிண்ணம் முன்னரே உள்ள பொருள்; விதி அதனைப் புதிதாகப் படைக்கவில்லை, அதற்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. ஆனால் விலங்கைக் கொண்டு வேட்க என்னும் விதியில் ஒருமை கருதப்பட்டதே. அங்கு விலங்கு விதியால் கொணரப்படும் பொருள், ஆதலின் அதன் எண்ணும் விதியின் பகுதி. இவ்வேறுபாட்டை அம்புக்குப் பொருத்தினால், அம்பு மூன்று என முன்னரே சொல்லப்பட்டுவிட்டது. அதன்பின் வரும் ஒருமை கிண்ணத்தின் ஒருமை போன்றது. சேதம் அம்புதோறும் உரியது. பகடையோ அத்தொடராலேயே புதிதாகக் கொணரப்படுகிறது. விலங்கின் நிலையில் நிற்பது. எனவே பகடையின் எண் கருதப்பட்டது எனலாம். இவ்வாறு நோக்கின், மும்முறை சேதமும் ஒருமுறை பகடையும் முரணின்றி இணைகின்றன. இவ்வொப்புமை முற்றும் பொருந்தும் என்று இக்கட்டுரையாளன் வற்புறுத்தவில்லை. வேள்வி ஆசிரியர்கள் தம் நூலுக்கு ஆக்கியோன் இல்லை எனக் கொண்டவர்கள்; இவ்வாட்டத்தின் ஆசிரியர்களோ கேள்விக்கு மறுமொழி தருபவர்கள். அவ்வேறுபாடு பின்னர்ப் பெரிதாகும்.

சேதத்தை எண்ணுதல்

இனி, இக்கட்டுரைக்குத் தோற்றுவாயான நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் விடுதி அறை ஒன்றில் ஐவர் கூடி இவ்வாட்டத்தை 2014 பதிப்பின்படி ஓராண்டுக்கு மேல் ஆடிவந்தனர். நடுவராக இருந்தவர் சேனாவரையர் உரையில் ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவர். ஆட்டத்தின் நடுவே, குழுவிலிருந்த மந்திரவாதியின் பொருட்டு மேற்கண்ட பகடை வினா எழுந்தபோது, ஒரே உருட்டல் என அவர் முடிவு கூறியிருந்தார். அம்முடிவால் குழுவுக்கு நன்மை, எவரும் மறுக்கவில்லை. பல வாரங்கள் கழித்து, குழுவின் மருத்துவராகிய மாந்தர் ஒரு போரில் வீழ்ந்து கிடந்தார். தோல்வி ஒன்றும் எண்ணப்படவில்லை. பகைமந்திரவாதியின் முறை வந்தது. நடுவர் மூன்று மாய அம்புகளையும் வீழ்ந்தவர்மீது ஏவினார். ஒரு பகடை உருண்டது. மூன்று அம்பு, மூன்று சேதம், மூன்று தோல்வி, மருத்துவர் இறந்தார். அம்மாந்தரை ஏற்றிருந்தவர் முதலாமாண்டு மாணவர், வேற்று மாநிலத்திலிருந்து வந்தவர். விடுதியில் அவருக்கு வேறு நட்பு வட்டம் அமையவில்லை என்று பின்னர் அறிந்தேன். ஒரே உருட்டல் என்றால் ஒரே சேதம்தானே என்று அவர் கேட்டாராம். விடை கிடைப்பதற்குள் எழுந்து போய்விட்டார். மறுநாள் நடுவர் என் அறைக்கு வந்து, "ஐயா, நான் செய்தது உரையா, கொலையா?" என்று கேட்டார். நகைத்துக்கொண்டே கேட்டாரெனினும் இரவு முழுதும் உறங்காத முகம் அது.

முதலில் அம்மாணவரின் வாதத்தை எடைபோட வேண்டும். உருட்டல் ஒன்றாயின் சேதமும் ஒன்று என்பது தருக்கத்தில் நில்லாது. தீக்கோளத்தில் உருட்டல் ஒன்று. பத்துப்பேர் அகப்பட்டால் சேதம் பத்து. பகடை அளவை அறியும் கருவி மட்டுமே. ஒரே படியால் மூவருக்கு நெல் அளந்து கொடுத்தால் பெற்றவர் மூவரே. ஆகவே நடுவர் முன்பு கூறிய முடிபும் பின்பு செய்த செயலும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. எனினும் அவ்வாதத்தில் ஓர் உண்மை புதைந்துள்ளது. அளவுகோல் ஒன்று என்று கேட்டபோது, நிகழ்வும் ஒன்று என்று அவர் மனம் கொண்டது. அவ்வாறு கொள்ள இடமளித்தது விதியிலுள்ள 'ஒரே கணத்தில்' என்னும் தொடர். ஒரே கணத்தில் நிகழும் மூன்று, ஒன்றா மூன்றா? மழையில் நனைந்தவர் எத்துளியால் நனைந்தார் என்று எண்ணுவதில்லை. மூன்று கணைகளால் துளைக்கப்பட்டவர் உடலில் புண் மூன்றுதான். மொழி இரண்டு வகையாகவும் பேசும்.

சொல்லை விட்டு நோக்கத்தைப் பார்க்கலாம். வீழ்ந்தவர்க்கு மூன்று தோல்வி வரை இடைவெளி தருவது, தோழர் ஓடிவந்து காக்க ஒரு வாய்ப்பு வேண்டும் என்பதற்காக. அந்நோக்கத்தைத் தப்பாத அம்பு ஒரே கணத்தில் இல்லாமற் செய்கிறது. மேலும் விதிநூலே ஓர் அளவு தருகிறது: கடுந்தாக்குதலாக அமையும் அடி ஒன்றன்று, இரண்டு தோல்வி எனக் கணக்கிடப்படும், நினைவிழந்தவரை அருகில் நின்று வெட்டித் தைக்கும் வாள் அவ்வகையது. நெஞ்சருகே நின்று ஓங்கும் வாளுக்கு இரண்டே எனில், 120 அடித் தொலைவிலிருந்து வரும் முதற்படி மந்திரத்துக்கு மூன்று தகுமா? மரபியல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் 'வந்தது கொண்டு வாராதது உணர்த்தல்' என்பதனைக் கையாண்டால், ஒரு மந்திரத்துக்கு ஒரு தோல்வி என்று முடிக்க இடமுண்டு. ஆயினும் எதிர்வாதம் வலியது. விரைந்து மும்முறை வெட்டும் வீரர் மூன்றுக்கு மேலும் தோல்வி தருகிறார். அதனை எவரும் மறுப்பதில்லை. அம்பு தனித்தனியே சேதம் தருகிறது என்பதே பரவலாகக் கொள்ளப்பட்ட பொருளும் ஆகும். எழுத்தை நோக்க, நடுவரின் பொருளே சிறந்தது என்பது என் முடிபு.

'பல்பொருட்கு ஏற்பின் நல்லது கோடல்' என்பதும் அவ்வுத்திகளுள் ஒன்று. நூற்பா பல பொருளுக்கு இடந்தருமாயின் நல்ல பொருளைக் கொள்க என்பது அதன் கருத்து. நூலுக்கு உரை காணுமிடத்து 'நல்லது' என்றால் நூலின் பிற பகுதிகளோடு பொருந்துவது, ஆசிரியன் கருத்துக்கு இயைவது எனக் கொள்வோம். மேசையில் ஒருவர் ஓராண்டு வளர்த்த மாந்தர் இறக்கக் கிடக்கையில், 'நல்லது' யாருக்கு என்னும் வினா உடன் எழுகிறது. எனக்குத் தெரிந்தவரை உரைமரபு இவ்வினாவை நேர்முகமாக எதிர்கொண்டதில்லை. உரையாசிரியர் உரையால் உடனடியாக எவரும் வீழ்வதில்லை, அதனாலிருக்கலாம்.

ஒரு சொல் மாறிய வரலாறு

ஆசிரியரையே கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். இவ்வாட்டத்தில் அதற்கு நெடிய மரபுண்டு. 'டிராகன்' இதழில் 1979 முதல் ஐயங்களுக்கு விடை கூறும் பகுதி ஒன்று வெளிவந்தது. பின்னர் வேறு வடிவங்களில் தொடர்ந்தது. உத்தி வகையுள் இதனை 'ஆணை கூறல்' எனலாம். ஆணையின் வலிமையும் வலுவின்மையும் ஒருங்கே விளங்கும் இடம், உடலைத் துகளாக்கும் மந்திரம்.

'டிஸ்இன்டெகிரேட்' எனப்படும் அம்மந்திரம் பத்து அறுமுகப் பகடையும் 40ம் சேர்ந்த சேதம் தரும், சராசரி 75. அச்சேதம் இலக்கின் உயிர்ப்புள்ளியைச் சுழியமாகக் 'குறைத்தால்' உடல் துகளாகும் என்பது 2014இன் சொல்லாட்சி. 'ட்ரூயிட்' எனப்படும் இயற்கைநெறிப் பூசகர் விலங்குருவம் கொள்வார். அவ்வுருவின் உயிர்ப்புள்ளி வேறு. அது சுழியமானால் தம் இயல்பான உருவுக்குத் திரும்புவார். எஞ்சிய சேதம் அவ்வுருவைச் சேரும். இப்போது 34 உயிர்ப்புள்ளி கொண்ட பழுப்புக் கரடியுருவில் ஒரு பூசகர். அவருடைய சொந்த உயிர்ப்புள்ளி 60. மந்திரம் 75 சேதம் தருகிறது. 34 போக எஞ்சுவது 41; இயல்புருவில் 19 மிஞ்சும். அவர் உயிரோடிருக்க வேண்டும். ஆனால் நடுவே ஒரு கணம் உயிர்ப்புள்ளி சுழியமாகக் குறைந்ததல்லவா? எழுத்தின்படி அக்கணத்திலேயே அவர் துகளாகிவிட்டார்.

2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவ்வினைச்சொல் மாற்றப்பட்டது. சேதம் இலக்கைச் சுழியத்தில் 'விட்டால்' துகளாகும் என்னும் பொருள்படத் தொடர் திருத்தப்பட்டது. குறைத்தல் இடைநிலையைச் சுட்டும். விடுதல் இறுதிநிலையைச் சுட்டும். ஒரு வினைச்சொல்லின் மாற்றத்தால் பூசகர்கள் பிழைத்தனர். 2024ஆம் ஆண்டுப் பதிப்பிலோ விலங்குருவத்துக்குத் தனி உயிர்ப்புள்ளி என்பதே நீங்கி, தற்காலிகப் புள்ளி தரும் முறை வந்தது. ஐயம் எழுவதற்கான நிலமே இல்லாமற் போயிற்று. மாய அம்பின் பகடை வினாவும் அப்பதிப்பில் இடம்பெயர்ந்தது. ஒருமுறை உருட்டும் பொதுவிதி, காப்புவீச்சுக்கு உட்படும் மந்திரங்களுக்கு எனச் சுருக்கப்பட்டது. மாய அம்புக்குக் காப்புவீச்சு இல்லை. ஆகவே 2014இல் சரியாக இருந்த பொருள் 2024இல் தன் அடிப்படையை இழந்தது.

2014 முதல் 2018 வரை எழுத்தின்படி துகளாக்கப்பட்ட பூசகர்களின் நிலை என்ன? அவர்கள் முறையாக இறந்தவர்களா, தவறாக இறந்தவர்களா? ஆசிரியர் முதலிலிருந்தே கருதியதைத்தான் பின்னர்த் தெளிவாக்கினார் எனில், அந்நடுவர்கள் பிழையாகப் பொருள்கொண்டவர்கள். விதியே மாறியது எனில் அவர்கள் சரியாக நடந்தவர்கள். 'தெளிவாக்கம்' என்றும் 'திருத்தம்' என்றும் பெயரிடுவதிலேயே ஒரு தீர்ப்பு உள்ளது. நடுவரின் அறநிலை, தாம் அறிய முடியாத பிற்கால நிகழ்ச்சி ஒன்றால் முன்னோக்கி மாறும் என்பதை ஏற்பது அரிது. தம் கையிலிருந்த நூலுக்கு அவர்கள் கொண்ட பொருள் தக்கதா என்பதே கேட்கத்தக்கது.

தொடக்க ஆசிரியரும் இதில் இருமனம் உடையவரே. கைகாக்ஸ் தம் 1979ஆம் ஆண்டு நடுவர் கையேட்டின் இறுதியில், எழுத்தை விட ஆட்டத்தின் உள்ளுணர்வே முதன்மையானது என்னும் கருத்தை வற்புறுத்துகிறார். அதே நூலின் முகவுரையிலோ, மேசைக்கு மேசை ஆட்டம் வேறுபட்டுப் போகாதபடி ஒருசீர்மை வேண்டும் என்கிறார். இரண்டையும் ஒருங்கே விரும்பாத விதியாசிரியர் எவரும் இலர் போலும். 2015இல் கிராஃபோர்ட், எழுதியவாறு கொள்ளல், கருதியவாறு கொள்ளல், மகிழுமாறு கொள்ளல் என மூவகை அணுகுமுறையைக் குறிப்பிட்டார். மூன்றாவது வகையை நம் அறிஞர் சிலர் எள்ளக்கூடும். எள்ளற்க. விளையாட்டு என்பது அதனை ஆடுவோரின் உடன்பாட்டால் மட்டுமே நிற்கும் நிறுவனம். அவ்வுடன்பாட்டின் காரணம் மகிழ்ச்சி. அதனைப் பொருள்கோளில் ஒரு சான்றாகக் கொள்வது, வேள்விவிதிக்கு வேள்விப்பயனைச் சான்றாகக் கொள்வது போன்றதே.

நடுவர் நிலை

அரிஸ்டாட்டில் தம் நிக்கமாக்கிய அறநூலின் ஐந்தாம் பகுதியில், பொதுவாகச் சொல்லப்பட்ட விதி ஒரு குறிப்பிட்ட நிகழ்வில் பிழைபடும்போது அதனை நேர்செய்யும் பண்பைப் பற்றிப் பேசுகிறார். லெஸ்பாஸ் தீவுக் கட்டடத் தொழிலாளர் கையாண்ட ஈயக்கோல் கல்லின் வடிவுக்கு வளைந்துகொடுப்பதை உவமையாக்குகிறார். அழகிய உவமை. ஆனால் ஈயக்கோலைப் பிடித்திருக்கும் கையே கல்லையும் செதுக்குமாயின் உவமை தடுமாறும். இவ்வாட்டத்தில் நடுவரே பகைவரையும் இயக்குகிறார். அம்பு எத்தனை என்று தீர்ப்பவரும் அம்பை யார்மீது ஏவுவது என்று முடிவுசெய்பவரும் ஒருவரே. நீதிமன்றத்தில் இதனை நாம் ஒருபோதும் ஒப்பமாட்டோம்.

ஆங்கிலச் சட்டநெறியாளர் எச்.எல்.ஏ. ஹார்ட் 1961இல் எழுதிய நூலில் இரு ஆட்டங்களை வேறுபடுத்துகிறார். ஒன்றில் மதிப்பெண் பதிபவர் சொல்வது இறுதியானது. எனினும் அவர் பின்பற்ற வேண்டிய விதி ஒன்றுண்டு, அவர் தவறவும் கூடும். மற்றொன்றில் அவர் விரும்பியபடி சொல்வதே விதி. முன்னதில் இறுதியானது என்பதும் பிழையற்றது என்பதும் வேறுவேறு. நம் நடுவர் முன்னவகையினர். அவர் சொல்லை மீறி ஆட்டம் நடவாது. ஆனால் அவர் தவறினார் என்று சொல்ல ஆடுநர்க்கு உரிமையுண்டு. ஆகவே, தீர்ப்பு இறுதியாயிற்றே, இனி ஏன் வாதம் என்று அம்மாணவரை எவரும் அடக்கியிருப்பின் அது பிழை.

அவ்வாறாயின் பிழை எங்கே? நடுவரின் பொருள்கோள் சரி என்று மேலே கண்டோம். அவர் தந்நலம் கருதவில்லை. ஒரே பொருளையே குழுவுக்கு நன்மை வந்தபோதும் தீமை வந்தபோதும் கொண்டார். இந்நேர்மை சிறிதன்று. இங்கு இரண்டு கூறுகளைப் பிரித்தறிய வேண்டும்.

ஒன்று, விதி அனுமதித்ததும் விதி ஏவியதும் வேறு. வீழ்ந்தவர்மீது மூன்று அம்பையும் ஏவலாம் என்று விதி இடம் தந்தது. ஏவுக என்று பணிக்கவில்லை. நின்று போரிடும் மூவர் எதிரே இருக்க, வீழ்ந்தவரைக் குறிவைத்தது பகைமந்திரவாதியின் கொடுமை என்று கதைக்குள் சொல்லலாம். கதைக்கு வெளியே அது நடுவரின் தெரிவு. தன் தெரிவை விதியின் தலையில் ஏற்றுவது அதிகாரத்தில் இருப்போர் அனைவர்க்கும் எளிதாகக் கைவரும் பழக்கம். பல்கலைக்கழக அலுவலகங்களில் விதி இடந்தரவில்லை என்னும் மறுமொழியை நாம் எத்துணை முறை கேட்டிருக்கிறோம்! அங்கும் பெரும்பாலும் விதி வாய்திறந்திராது.

மற்றொன்று, காலம். பகடை உருள்வதற்கு முன் கொள்ளப்படும் பொருளும், உருண்ட பின் அறிவிக்கப்படும் பொருளும் சொல்லளவில் ஒன்றாயினும் அறத்தில் ஒன்றல்ல. ஓர் அம்பு ஒரு தோல்வி என்பது அம்மேசையில் அதற்குமுன் எவராலும் சொல்லப்படவில்லை. சொல்லப்பட்டிருப்பின் தோழர் ஒருவர் தம் முறையில் போரை விட்டுவிட்டு மருத்துவரைத் தூக்கி நிறுத்தியிருப்பார். தூரத்திலிருந்து ஒரு சொல்லால் குணப்படுத்தும் மந்திரம் குழுவில் இன்னொருவரிடம் இருந்தது என்று நடுவரே சொன்னார். மூன்று சுற்று உண்டு என்னும் நம்பிக்கையில் அவர்கள் வேறு செயலைத் தெரிந்தனர். அந்நம்பிக்கையை விதிநூலின் வெளிப்படையான அமைப்பே தந்தது. பொருள்கோளைச் சார்ந்து பிறர் தம் செயலை அமைத்துக்கொள்கையில், அதனை முன்கூட்டி அறிவிக்கும் கடன் பொருள்கொள்பவர்க்கு உண்டு. இக்கடன் பொருளின் சரிமையால் நீங்குவதன்று. சரியான பொருளும் மறைவில் வைக்கப்பட்டால் பொறியாகும்.

அவ்வாறெனில், ஐயம் எழக்கூடிய ஒவ்வொன்றையும் நடுவர் முன்கூட்டியே சொல்ல இயலுமா என்று வினவலாம். இயலாது. நூற்றுக்கணக்கான மந்திரங்கள், அவை ஒன்றோடொன்று புணரும் வகைகள் எண்ணிலடங்கா. நடுவரும் அம்பு ஏவும் கணத்துக்கு முன் இதனை எண்ணியிராமல் இருக்கலாம். அங்ஙனமாயின், எண்ணிய கணத்தில் கையை நிறுத்தியிருக்கலாம். இப்பொருள் இன்றுதான் எனக்குத் தோன்றுகிறது, இதன்படி மூன்று அம்பும் தைத்தால் இவர் இறப்பார் என்று சொல்லி, உடன்பாட்டையோ மறுப்பையோ கேட்டிருக்கலாம். நம் உரையாசிரியர்கள் தாம் மறுக்கும் கொள்கையை முதலில் எடுத்துரைத்து, 'என்பாரும் உளர்' எனக் காட்டி, அதன்பின்னரே தம் கருத்தை நிறுவுவர். மறுக்கப்படும் பொருளுக்கும் பக்கத்தில் இடம் தரும் அவ்வழக்கத்தில் புலமை நயம் மட்டுமே இருப்பதாக நெடுநாள் எண்ணியிருந்தேன். அதில் ஒரு கடன்தீர்த்தலும் உண்டென்பது அம்மாணவர் எழுந்துபோன செய்தியைக் கேட்ட பின்னரே எனக்குப் புலப்பட்டது.

நடுவரிடம் நான் சொன்னது சுருக்கமானது: உம் உரை சரி, உரைத்த நேரம் சரியன்று, குறிவைத்தது உம் விருப்பம். அவர் மூன்றாவதை மட்டும் மறுத்தார். பகைவரைக் கனிவுள்ளவராக ஆட்டுவித்தால் போர் பொய்யாகிவிடும், பொய்ப்போரில் காக்கப்பட்ட மாந்தருக்கு என்ன மதிப்பு என்றார். அம்மறுப்பில் வலிமை உண்டு. ஆபத்து மெய்யாக இருப்பதே பிழைத்தலுக்குப் பொருள் தருகிறது. நடுவர் ஒவ்வொரு முறையும் கையைத் தடுத்துக்கொள்வார் என்று தெரிந்தால் ஓராண்டு உழைப்பும் நாடகமாகிவிடும். இவ்விடத்தில் நான் அவரை முற்றும் வென்றதாகச் சொல்ல முடியாது.

இரண்டு வாரம் கழித்து அம்மாணவர் மீண்டும் அம்மேசைக்கு வந்தார். மருத்துவரை உயிர்ப்பிக்க நடுவர் வழி காட்டியும் அவர் ஏற்கவில்லை. புதிய மாந்தர் ஒருவரை எழுதிக்கொண்டு வந்திருந்தார், இம்முறை மந்திரவாதி. குழுவினர் ஒரு குறிப்பேடு வாங்கி, ஐயம் எழும்போதெல்லாம் இரு பக்கத்துப் பொருளையும் எழுதி, கொண்ட பொருளுக்குக் கீழே நாளிட்டு வைக்கத் தொடங்கினர். முதல் பக்கத்தில் மாய அம்பு பற்றிய இரண்டு குறிப்புகள் உள்ளன. பகடை பற்றியதன்கீழ் நாள் இடப்பட்டிருக்கிறது. வீழ்ந்தவர்மீது தைக்கும் அம்பு பற்றியதன்கீழ் இரு பொருளும் புதிய மந்திரவாதியின் கையெழுத்தில் உள்ளன. நான் பார்த்த அன்று அதற்கு இன்னும் நாள் இடப்படவில்லை.